நாலாம் வீட்டுச் சூரியன்

எனக்கு மறதி அதிகம். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவேன். கே.கே. நகர் மார்க்கெட்டில் காய்கறிப் பையை மறந்து வைத்துவிட்டு வீட்டு வாசல் வரை வந்து, மறுபடி ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறேன். ஆனால் ஒருவர் என்னை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினால் அந்தக் கிழமை, அந்த நேரம், அவர் போட்டிருந்த சட்டையின் நிறம் வரைக்கும் எனக்கு மறப்பதில்லை. மாப்பிள்ளை அன்று போட்டிருந்தது இளம்பச்சை முழுக்கைச் சட்டை. கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தான்.

நேரில் அவனை அவர் என்றுதான் சொல்வேன். மனதுக்குள் எப்போதும் அவன்தான். இங்கே மனதுக்குள் இருக்கிறபடியே எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில், பாத்திரக்கடை மாடியில் இருக்கிற திருமணத் தகவல் மையத்தில் எனக்கு வேலை. முதலாளிக்கு எழுபது வயது ஆகப்போகிறது. ஊழியர்களுக்கும் சரி, வரன் தேடி வருகிறவர்களுக்கும் சரி, அவர் மாமா. அவருடைய ஒரே பெண்ணின் கணவனைத்தான் மாப்பிள்ளை என்கிறேன். அலுவலகத்திலும் அவனுக்கு அதுதான் பெயர்.

மாமா முதலில் நீளமான ரெஜிஸ்டர்களில் வரன்களை எழுதி வைத்திருந்தார். பிறகு யாரோ ஒருவர் அதையெல்லாம் இணையத்துக்கு மாற்றி, பெர்ல் என்ற கணினி மொழியில் நிரல்கள் எழுதிக் கொடுத்துவிட்டு அமெரிக்கா போய்விட்டார். அந்த நிரல்களைப் பதினொரு வருடமாக நான் பார்த்துக்கொண்டேன். ஒருவர் படிவத்தை நிரப்பினால் நிரல் அதை வாங்கி, பிறந்த தேதியையும் நேரத்தையும் வைத்து ஜாதகம் கணித்து, பொருந்துகிற வரன்களைப் பட்டியல் போட்டுக் கொடுக்கும். பழைய நிரல்தான். ஆனால் நான் தொட்டுத் தொட்டுச் சரி செய்து வைத்திருந்தேன்.

வரன் படிவம் நிரப்புகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் மறந்துபோய் எதையும் காலியாக விடுவதில்லை. சொல்ல விருப்பமில்லாததைத்தான் விடுவார்கள். கண்ணாடி போடுபவரா என்ற கேள்வி காலியாக இருந்தால் கண்ணாடி தடிமனாக இருக்கும். முன்பு திருமணம் ஆனதா என்பது காலியாக இருந்தால் நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும். பொய் எழுதக் கூச்சம், உண்மை எழுதப் பயம், அதனால் காலியிடம். எங்கள் மையத்துக்கு வருகிற எல்லாக் குடும்பங்களிலும் இந்தப் பழக்கம் உண்டு.

பெர்லுக்கு இந்தக் காலி ஒரே வகை அல்ல. பூஜ்ஜியம் ஒன்று. ஒன்றும் எழுதாமல் வந்து சேர்ந்த வெற்றுக் கட்டம் இன்னொன்று. அந்தக் கேள்விக்கு எதுவுமே வந்து சேரவில்லை என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைக் கூட்டச் சொன்னால், பெர்ல் அதைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டு கூட்டிவிடும். வேலை நிற்காது. ஆனால் ‘இத்தனையாவது வரியில், மதிப்பே தரப்படாத ஒன்றை வைத்து என்னைக் கூட்டச் சொன்னாய்’ என்று நடப்பதையெல்லாம் குறித்துவைக்கிற லாக் கோப்பில் ஒரு எச்சரிக்கை எழுதி வைக்கும். சொன்ன வேலையைச் செய்துகொண்டே முணுமுணுக்கிற குணம். என் குணமும் அதுதான் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

காலையில் வந்ததும் காபி குடித்துக்கொண்டே அந்த லாக்கைப் படிப்பேன். எச்சரிக்கை வரும் இடங்களை ஒரு தாளில் பட்டியல் போட்டிருந்தேன். பொழுதுபோக்கு என்ன என்ற கேள்விக்குப் பதில் வராவிட்டால் வெற்றாக வைத்துக்கொள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அப்படிப்பட்டவற்றை ஒவ்வொன்றாகச் சரி செய்து அடித்துவிட்டேன். ஒன்பது இடங்கள் பாக்கி இருந்தன. அவை நிரல் எழுதித் தீர்க்கிறவை அல்ல. ஒரு குடும்பம் சொல்லாமல் விட்டதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்வதா, ‘தெரியாது’ என்று எடுத்துக்கொள்வதா என்பதை மாமாதான் முடிவு செய்ய வேண்டும். மூன்று முறை தாளோடு அவர் அறைக்குப் போனேன்.

“முகூர்த்தம் எல்லாம் முடியட்டும்மா, சாவகாசமா உக்காந்து பேசலாம்” என்பார். சென்னையில் முகூர்த்தம் என்றைக்கு முடிந்திருக்கிறது?

இந்த நிலைமையில்தான் மாப்பிள்ளை வந்து இறங்கினான். பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தவன், மாமனாரின் தொழிலை நவீனமாக்கப் போகிறேன் என்று வந்தான். வந்த மாதமே படிவத்தில் கை வைத்தான். பிறந்த நேரம் கேட்கும் பக்கத்தில் பலர் பாதியில் கழன்றுகொள்கிறார்கள் என்று சொல்லி, ‘பிறகு சொல்கிறேன்’ என்று ஒரு பொத்தானைச் சேர்த்தான். அதை அழுத்தினால் நேரத்தைக் கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நான் சாப்பிடப் போயிருந்தபோது செய்த வேலை அது. முகூர்த்த நெரிசலில் அதற்குப் பிறகு காலையில் லாக்கைத் திறக்கவும் எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்து, தை மாதத்து நல்ல நாள் ஒன்றில், இணையதளம் காலை ஒன்பது மணிக்குப் படுத்துவிட்டது. லாக் கோப்பு எச்சரிக்கைகளால் பெருத்து, சர்வரில் துளி இடம் இல்லாமல் செய்துவிட்டிருந்தது. மதியம் வரை அழைப்புகள். மாமா எங்கள் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் லாக்கில் கடைசி இரண்டு வாரத்திலிருந்து சில பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு, இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்க இரண்டு மாதம் வேண்டும் என்று சொன்னேன்.

மாப்பிள்ளை சிரித்தான். “ரெண்டு மாசமா? மாமா, இது ஒண்ணுமே இல்ல. பத்து நிமிஷம்.”

பத்து நிமிடம்தான் ஆனது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ‘இந்த எச்சரிக்கை வேண்டாம்’ என்று பெர்லுக்குச் சொல்லும் ஒற்றை வரியைப் போட்டான். அதற்குப் பிறகு பெர்ல் பழையபடியே காலியைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டு கூட்டியது. முணுமுணுப்பது மட்டும் நின்றுபோனது. லாக் கோப்பு சுத்தமாகிவிட்டது.

மறுநாள் மறுபடி கூட்டம். அன்றைக்குத்தான் அந்த இளம்பச்சைச் சட்டை. லாக் கோப்பைத் திறந்து காட்டினான். ஒரு வரிகூட இல்லை.

“பாருங்கோ மாமா. மேடம் பதினோரு வருஷமா இந்த வார்னிங்கை எல்லாம் அடைகாத்துண்டு இருந்திருக்கா. வேலை இருக்கற மாதிரி காட்டிக்கறதுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது” என்றான். சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். கீழே கடையில் பாத்திரம் இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்க மேலே வந்திருந்த ஆள்கூடச் சிரித்தான்.

மாமா சிரிக்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்து, “ஏம்மா, இவ்வளவுதானா விஷயம்? முன்னாடியே பண்ணியிருக்கப்படாதோ?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைச் செருப்பால் அடித்தது.  அச்செடுத்த தாள்களை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை என் கணினி மாப்பிள்ளையின் அறைக்குப் போயிற்று. என்னைத் தொலைபேசி மேசையில் உட்கார வைத்தார்கள். வாசல் பக்கம், செருப்பு அடுக்கும் இடத்துக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில். அலுவலகம் கூட்டுகிற அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தாள்.

“இன்னா மேடம், உன்னிய இங்க கொண்டாந்து குந்த வச்சிட்டாங்க? இன்னா தப்பு பண்ண?”

“ஒண்ணும் பண்ணலைம்மா.”

“ஒண்ணும் பண்ணாதவங்களதான் இப்டி பண்ணுவாங்க” என்று சொல்லிவிட்டு என் காலடியில் கூட்டினாள். அன்று சாயங்காலம் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்திருக்கிற தெரு வழியாக பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது ஒரு முடிவு எடுத்தேன். அவனை விடப் போவதில்லை. ஆறு பேர் முன்னால் என்னை அசிங்கப்படுத்தினான். நான் அவனை அறுநூறு பேர் முன்னால் செய்வேன். எப்படி என்று அப்போது தெரியாது.

தொலைபேசி மேசையில் எனக்குக் கிடைத்தது ஒரு நீள நோட்டு. யார் கூப்பிட்டாலும் தேதி, நேரம், அவர் கேட்டது, நான் சொன்ன பதில், நானாகக் கவனித்தது என்று பிசகாமல் எழுதினேன். பதினொரு வருடம் லாக் படித்த கை, அதற்கு அப்படித்தான் எழுத வரும்.

மூன்றாவது நாள் பாலவாக்கத்திலிருந்து ஒரு ஓய்வு பெற்ற மனிதர் கூப்பிட்டார். தன் பேத்திக்காகப் பதிவு செய்திருந்தார். ஜாதகம் கணிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. கணினியை நம்பாமல் பென்சிலால் கட்டம் போட்டுப் பார்க்கிறவர்.

“அம்மா, உங்க மையத்துலேர்ந்து ஏழு பையன் ஜாதகம் வந்திருக்கு. அஞ்சு பேருக்குச் சூரியன் நாலாம் வீட்டுலயே உக்காந்திருக்கார். அது எப்படி?”

“இருக்கக் கூடாதா சார்?”

“ஒருத்தருக்கு இருக்கலாம். ரெண்டு பேருக்கு இருக்கலாம். அம்மா, சூரியன் நாலுல இருந்தா குழந்தை நடு ராத்திரி பன்னெண்டு மணி சுமாருக்குப் பொறந்திருக்குன்னு அர்த்தம். அஞ்சு பேரும் பன்னெண்டு மணிக்கா பொறந்தா?”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நேரத்தைச் சொல்லாமல் தாண்டினால் நிரலுக்கு நேரம் வந்து சேராது. வந்து சேராத மணி பூஜ்ஜியம், வந்து சேராத நிமிடம் பூஜ்ஜியம். பூஜ்ஜியம் மணி பூஜ்ஜியம் நிமிடம் என்றால் நள்ளிரவு. ‘பிறகு சொல்கிறேன்’ என்று பொத்தானை அழுத்திய அத்தனை பேரையும் மாப்பிள்ளையின் நிரல் நள்ளிரவில் பிறக்க வைத்துக்கொண்டிருந்தது. நட்சத்திரம் மாறலாம், ராசி மாறலாம், பொருத்தம் தலைகீழாகலாம். தடுக்கி விழுகிறோம் என்று கத்துவதற்கு ஒரு எச்சரிக்கை இருந்தது. அதன் வாயைத்தான் அவன் பத்து நிமிடத்தில் தைத்துவிட்டான்.

வீட்டுக்குப் போனதும் அன்று அச்செடுத்த தாள்களைத் தேடி எடுத்தேன். பக்கம் பக்கமாக ஒரே வரி எண். பிறந்த மணியைக் கூட்டுகிற வரி. முதல் எச்சரிக்கை, அவன் பொத்தானைச் சேர்த்த அந்த வெள்ளிக்கிழமை மதியம். அப்படியானால் தை மாதம் தளத்தைப் படுக்க வைத்ததே அவன்தான். பழியைத் தூக்கி என் தலையில் போட்டுவிட்டு, தானே தீர்த்து வைத்ததாகக் கைதட்டலும் வாங்கிக்கொண்டான். நான் சமையலறையில் நின்றபடி தனியாகச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மாமாவிடம் மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாம். யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும்? மாப்பிள்ளை கூப்பிடப்படுவான். “சின்ன விஷயம் மாமா, பத்து நிமிஷம்” என்பான். பொத்தானை எடுத்துவிட்டு மறுபடி கைதட்டல் வாங்குவான். நான் செருப்புகளுக்குப் பக்கத்திலேயே இருப்பேன். வேண்டாம். எனக்குச் சாட்சிகள் வேண்டும்.

சாட்சிகளை அவனே ஏற்பாடு செய்தான். இன்னும் ஐந்து வாரத்தில் தி. நகர் கல்யாண மண்டபம் ஒன்றில் சுயம்வரம் என்று அறிவித்தான். எங்கள் தொழிலில் சுயம்வரம் என்றால் மாலையும் கையுமாக யாரும் வரமாட்டார்கள். பெற்றோர்கள் வருவார்கள். ஒவ்வொருவராக மேடை ஏறி மைக்கில் தங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்வார்கள். பிடித்தவர்கள் கீழே இறங்கி எண் வாங்கிக்கொள்வார்கள். பெரிய திரை வைத்து, அங்கேயே பொருத்தம் பார்த்துக் காட்டப் போவதாக மாப்பிள்ளை நோட்டீஸ் அடித்தான். நான் நாட்காட்டியில் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டேன்.

அந்த ஐந்து வாரமும் நோட்டு நிரம்பிக்கொண்டே போயிற்று. ‘மூன்று வரனுக்கும் ஒரே லக்னம் வருகிறதே’ என்று அடையாறிலிருந்து ஒரு அம்மாள். ‘என் பையன் சாயங்காலம் பிறந்தவன், ஏன் வேறு நட்சத்திரம் காட்டுகிறது’ என்று இன்னொருவர். எல்லோருக்கும் ‘பார்க்கச் சொல்கிறேன்’ என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு அழைப்பையும் கையில் ஒரு கல் கிடைத்த மாதிரி எழுதி வைத்தேன்.

இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு, திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு அப்பா கூப்பிட்டார்.  பெண்ணுக்கு வயது முப்பத்தொன்று, மிருகசீரிடம் நட்சத்திரம். நாலு வருடமாகப் பார்த்து ஒன்றும் கூடவில்லை. இப்போது எங்கள் பட்டியலில் ஒரு பையன், அஸ்த நட்சத்திரம், பத்துக்கு எட்டுப் பொருத்தம்.

“எங்காத்து ஜோசியர் போன வருஷம் தவறிப்போயிட்டார்மா. பையனாத்துலயும் உங்க பேப்பரையே வெச்சுக்கலாம்ங்கறா. நாளைக்குப் பேசச் சொல்லலாம்னு இருக்கோம். நம்பலாமோன்னோ?”

தொலைபேசி மேசையில் ஒரு சின்னக் கணினி எனக்கும் உண்டு, விவரம் பார்ப்பதற்கு மட்டும். பையனின் எண்ணைப் போட்டேன். பிறந்த நேரம் என்ற இடம் காலியாக இருந்தது. பையன் பிறந்த தேதிக்குப் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். நள்ளிரவில் அஸ்தம். பகல் இரண்டு மணிக்குமேல் சித்திரை. மிருகசீரிடமும் சித்திரையும் ஒரே ரஜ்ஜு, தாலி பாக்கியத்துக்கு ஆகாது என்பார்கள். இந்த மையத்தில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு அதற்குமேல் யாரும் சொல்லித்தர வேண்டாம். ரஜ்ஜு தட்டினால் எங்கள் குடும்பங்களில் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வார்கள்.

‘பையன் பிறந்த நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள் சார்’ என்று ஒரே வாக்கியம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவர் பையன் வீட்டில் கேட்பார், அவர்கள் மையத்தில் கேட்பார்கள், விஷயம் மாப்பிள்ளையின் காதுக்குப் போகும். சுயம்வரத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

“மையத்துல குடுத்த பேப்பர்தானே சார். பாத்துதான் குடுத்திருப்பாங்க” என்றேன்.

“ரொம்ப தேங்க்ஸ்மா. நீங்க சொன்னதே தெம்பா இருக்கு” என்றார். போனை வைத்துவிட்டு, தேதி, நேரம், அவர் கேட்டது, நான் சொன்னது எல்லாம் எழுதினேன். கடைசியில் ‘பையனுக்குப் பிறந்த நேரம் இல்லை, சித்திரையாக இருக்கலாம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அடுத்த அழைப்பு வந்துவிட்டது.

சுயம்வரத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. கூட்டத்துக்குள் மைக் எடுத்துப் போகும் வேலை எனக்கு. அதைவிட எனக்கு என்ன வேண்டும்? பாலவாக்கம் மனிதரை நானே வரச் சொல்லியிருந்தேன். மூன்றாவது வரிசையில் பென்சில், கட்டம் போட்ட தாளோடு வந்து உட்கார்ந்திருந்தார். முதல் வரிசையில் மாமா, அவர் பக்கத்தில் அரக்குப் பட்டில் அவர் பெண். மாப்பிள்ளை மேடையில் திரையைக் காட்டி, இரண்டு நிமிடத்தில் பொருத்தம் என்று விளாசிக்கொண்டிருந்தான். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றான். நான் நேராக மூன்றாவது வரிசைக்குப் போனேன்.

“திரையில நாலு ஜாதகம் காட்டினேள். நாலுலயும் சூரியன் நாலாம் வீடு. எப்படின்னு சொல்ல முடியுமா?” என்று கேட்டார்.

மாப்பிள்ளைக்கு நாலாம் வீடும் தெரியாது, நாற்பதாம் வீடும் தெரியாது. “கோஇன்சிடென்ஸ் சார்” என்று சிரித்தான்.

“அப்படியா? அப்போ உங்க ஜாதகத்தையும் உங்க ஆத்துக்காரி ஜாதகத்தையும் போடுங்கோ. உங்களுக்கு நேரம் போடாம, அந்தப் பொத்தானை அமுக்குங்கோ.”

இந்தக் கேள்வியை அவருக்கு எடுத்துக் கொடுத்தது நான். மாப்பிள்ளை சோதனைக்காகத் தன் விவரத்தையும் மனைவியின் விவரத்தையும் தளத்தில் போட்டு வைத்திருந்தான். தொலைபேசி மேசையில் அழைப்பு இல்லாத நேரங்களில் பஞ்சாங்கத்தை விரித்து, அவனை நள்ளிரவில் பிறக்க வைத்துப் பார்த்திருந்தேன். என்ன வரும் என்று மனப்பாடமாகத் தெரியும். கூட்டம் “போடுங்கோ, போடுங்கோ” என்றது. அவன் போட்டான்.

திரையில் ஆளுயரத்துக்குச் சிவப்பு எழுத்து வந்தது. பத்துக்கு இரண்டு. ரஜ்ஜு இல்லை. திருமணம் செய்யத் தகாது.

 பின்வரிசையில் யாரோ கொல்லென்று சிரிக்க, அது முன்னால் வரை பரவியது. மாமாவின் பெண் கழுத்துத் தாலியைக் கையால் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். “இப்போ நேரத்தைப் போடுங்கோ” என்றார் பாலவாக்கம் மனிதர். போட்டான். எட்டு வந்தது. “இங்க எத்தனை பேர் நேரம் போடாம அமுக்கினேள்?” என்று அவர் திரும்பிக் கேட்டார். ஒரு கை, பத்துக் கை, நாற்பது கை எழுந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. கூச்சல்தான்.

மாப்பிள்ளை வியர்த்து வழிய, “எரர் ஒண்ணும் வரலையே, லாக்ல ஒண்ணுமே இல்லையே” என்று மைக்கிலேயே சொன்னான். நான் மேடைக்குக் கீழே நின்று அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். ஆசை தீரப் பார்த்தேன். இதை எழுதும்போதும் இனிக்கிறது, மறைக்க மாட்டேன்.

திங்கட்கிழமை மாமா என்னைக் கூப்பிட்டார். அச்செடுத்த லாக், நோட்டு, ஒன்பது இடங்கள் எழுதிய தாள் எல்லாவற்றையும் அவர் மேசையில் வைத்தேன். லாக்கையும் தாளையும் வரி வரியாகப் படித்தார், நோட்டை மட்டும் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு அலமாரியில் வைத்தார். “நான்தாம்மா தப்பு பண்ணினேன்” என்றார். ஒன்பது இடங்களுக்கும் அன்றைக்கே முடிவு சொன்னார். நேரம் இல்லையென்றால் ஜாதகம் கணிக்காதே, ‘நேரம் தரப்படவில்லை’ என்று எழுது, அவ்வளவுதான். எச்சரிக்கையை மறுபடி பேச வைத்தேன். மாப்பிள்ளை சொந்தமாக ஏதோ தொடங்கப் போகிறேன் என்று வருவதை நிறுத்திக்கொண்டான். என் கணினி மட்டுமல்ல, அவனுடைய சுழல் நாற்காலியும் எனக்கு வந்தது. கூட்டுகிற அம்மா வாசலில் நின்று “ம், குந்து குந்து” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நேரம் இல்லாமல் ஜாதகம் அனுப்பப்பட்ட எல்லாக் குடும்பங்களுக்கும் மாமா கடிதம் அனுப்பச் சொன்னார். தவறு நேர்ந்துவிட்டது, மூல ஜாதகத்தை வைத்து மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று. கடிதத்தை நான்தான் எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது சொல்லலாம். கடுகு மஞ்சளில் சுடிதார், தோளில் வேலைக்குப் போகிற பை. அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு செக்‌ஷனில் வேலை என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் அறைக்குக் கேட்டது. சுயம்வரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம் ஆகியிருந்தது. கடிதம் போனதும் பையனின் அம்மா பீரோவில் இருந்த கையெழுத்து ஜாதகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் ஐந்தே கால் மணி. சித்திரை நட்சத்திரம். மறுநாளே நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பி, சம்பந்தம் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

“உங்களுக்கு இது எப்போ தெரிஞ்சுது சார்? அது மட்டும் தெரியணும்” என்று கேட்டாள்.

மாமாவுக்கு மையத்தின் நேர்மையைக் காட்ட வேண்டும். “எங்க மேடம் ஒவ்வொரு போன் காலையும் எழுதி வெச்சிருக்காம்மா. நாங்க எதையும் மறைக்கல. நீயே பாரு” என்று சொல்லி, அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கே அவளை அழைத்து வந்து, என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பிரித்துவிட்டாள். நாளெல்லாம் தேதி பார்த்துக் கோப்பு எடுக்கிறவளுக்குத் தேடுவது பெரிய வேலையா? விரல் செவ்வாய்க்கிழமையில் நின்றது. அப்பாவின் எண், அப்பா கேட்டது, நான் சொன்னது. அடிக்கோடு போட்ட கடைசி வரி.

அதை இரண்டு முறை படித்தாள்.

“இது நீங்க எழுதினதா மேடம்?”

“ஆமாம்மா.”

“அப்பா அன்னிக்கு ஆத்துல வந்து சொன்னா, மையத்துல ஒரு மேடம் தைரியம் சொன்னா, நீ பேசும்மான்னு.” குரல் உயரவே இல்லை. “இதை நீங்க எழுதினபோது எனக்கு அவர் யாருன்னே தெரியாது. மறுநாள்தான் பேச ஆரம்பிச்சோம். அப்புறம் தினம் பேசினோம்.”

மாப்பிள்ளை செய்ததைச் சொல்ல வந்தேன். எச்சரிக்கையின் வாயை அவன் கட்டியதை, என்னைச் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததை. சொல்ல ஆரம்பித்ததுமே எனக்கே அசிங்கமாக இருந்தது. அவன் தெரியாமல் செய்தான். நான் தெரிந்து, தேதி போட்டு, அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன். அந்த நாலு வரியும் என் கையெழுத்து.

“மன்னிச்சிடும்மா” என்றேன்.

 அவள் போனை எடுத்து அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்தாள். தெளிவாக வந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இன்னொன்று எடுத்தாள். என் முழுப் பெயரைக் கேட்டாள். சொன்னேன். குறித்துக்கொண்டாள். அழவில்லை, கத்தவில்லை. நோட்டை மூடி, மேசை விளிம்புக்கு நேராக வைத்துவிட்டு, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

நாலு மாதம் ஆகிறது. ஒன்றும் நடக்கவில்லை. காலையில் லாக்கைத் திறந்தால் சுத்தமாக இருக்கிறது, எல்லாம் சரி செய்த சுத்தம். ஆனாலும் தொலைபேசி அடித்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. தேதி போட்ட ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அவள் வந்த அன்று நான் கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பருத்திப் புடவை. அவளுக்கும் அது மறந்திருக்காது.